நியூட்டனை நம்பிய விளையாட்டு

சைக்கிளில் போகும்போது மிதிப்பதை நிறுத்தினால் என்ன ஆகும்? சிறிது தூரம் ஓடிப் பிறகு நின்றுவிடும். ஆகவே, ஓடுவதற்கு விசை வேண்டும், விசை நின்றால் ஓட்டமும் நிற்கும் என்று நீங்கள் முடிவு செய்தால், உங்களைக் குறை சொல்ல முடியாது. அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ அப்படித்தான் எண்ணினார். நியூட்டனின் முதல் விதியைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர்களிலும் பலர் உள்ளூர அரிஸ்டாட்டிலின் பக்கமே நிற்பதை வகுப்பறையில் கண்டிருக்கிறேன். இதே தடுமாற்றம் ஒரு வீடியோ விளையாட்டின் வரலாற்றிலும் நிகழ்ந்தது. அதை இங்கே காண்போம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிராபன், இயன் பெல் என்ற இரு மாணவர்கள் 'எலைட்' என்னும் விளையாட்டை உருவாக்கினர். அது 1984 செப்டம்பரில் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிக்காக வெளிவந்தது. ஆடுபவர் ஒரு விண்கலத்தின் தலைவர். ஓரிடத்தில் மலிவாக வாங்கிய சரக்கை வேறிடத்தில் விற்க வேண்டும். வழிமறிக்கும் கொள்ளையரோடு போரிட வேண்டும்.

அந்தக் கணிப்பொறியின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால், ஒரு நூலின் பதினைந்து இருபது பக்கங்களே அதில் அடங்கும். ஆனால் எலைட்டிலோ 8 அண்டங்கள், அண்டத்துக்கு 256 விண்மீன்கள், ஆக 2,048 உலகங்கள் இருந்தன! இது எப்படி இயன்றது? அவற்றை அவர்கள் எழுதி வைக்கவில்லை, கணக்கிட வைத்தார்கள். ஒரு சில எண்களை விதையாகக் கொடுத்து, முன் வந்த எண்களைக் கூட்டிப் பின் வரும் எண்ணைப் பெறும் விதியையும் கொடுத்தார்கள். அவ்வாறு பிறந்த எண்களிலிருந்தே ஒவ்வோர் உலகத்தின் பெயரும் இடமும் வாணிபமும் அமைந்தன. விதை மாறாததால், எத்தனை முறை கணக்கிட்டாலும் அதே உலகமே வரும்.

எலைட் பெரும் புகழ் பெற்றது. ஆயினும் அதில் ஒரு பொய் இருந்தது. கலத்தின் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கமே கலமும் பாய்ந்தது. அதன் வேகத்துக்கு ஓர் உச்ச வரம்பும் இருந்தது. இது காற்றில் பறக்கும் விமானத்தின் இயல்பு. வெற்றிடத்தில் செல்லும் கலத்தின் இயல்பு அன்று.

இரண்டாம் பாகமான 'ஃப்ரான்டியர்: எலைட் 2' 1993-இல் வெளிவந்தது. இம்முறை பிராபன் நமது பால்வீதியையே களமாக்க முனைந்தார். சிரியஸ், ஆல்ஃபா சென்டாரி போன்ற அண்மை விண்மீன்கள் உரிய இடங்களில் இருந்தன. தொலைவில் உள்ள கோடானுகோடி விண்மீன்களைக் கணக்கீடு படைத்தது. கோள்கள் தம் கதிரவன்களைச் சுற்றின. விண்வெளியிலிருந்து இடையறாது பறந்து வந்து கோளின் தரையில் இறங்க முடிந்தது. இத்தனையும் ஒரு மெகாபைட்டை எட்டாத ஒரே ஒரு ஃபிளாப்பியில் அடங்கின.

எல்லாவற்றிலும் துணிவான மாற்றம், கலங்கள் நியூட்டனின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு ஓடியதுதான். இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் உணரலாம். நீங்கள் 15 கோடி கிலோமீட்டர், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம், செல்ல வேண்டும் என்று கொள்வோம். உங்கள் கலத்தின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 10 மடங்கு. அதாவது வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 100 மீட்டர் வீதம் கூடுகிறது. தூரம் = ½ × முடுக்கம் × காலம்² என்ற வாய்பாட்டின்படி, பாதித் தூரம் கடக்க ஏறத்தாழ 38,700 வினாடி ஆகும். அப்போது உங்கள் வேகம் வினாடிக்கு 3,870 கிலோமீட்டர்! அங்கேயே கலத்தைத் திருப்பி, எஞ்சிய பாதி முழுவதும் எதிர்த்திசையில் உந்தினால்தான் சேருமிடத்தில் நிற்கலாம். மொத்தம் இருபத்தொன்றரை மணி நேரம். திருப்ப மறந்தாலோ, சேருமிடத்தை வினாடிக்கு 5,400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தாண்டிப் போவீர்கள். (ஆடுபவர் அத்தனை நேரம் காத்திருக்க வேண்டியதில்லை, விளையாட்டில் காலத்தை விரைவாக ஓட்டும் வசதி உண்டு.)

பயணத்தைத் தானியங்கி பார்த்துக்கொண்டது. போர்தான் தொல்லையாயிற்று. பகைவனை நோக்கிக் கலத்தைத் திருப்பினாலும் அது பழைய திசையிலேயே வழுக்கிச் சென்றது. இரு கலங்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றையொன்று கடந்து, வெகு தொலைவு போய், மீண்டும் திரும்பி வந்தன. முதற்பாகத்தின் விறுவிறுப்பான சண்டையை விரும்பியவர்கள் பலர் சலித்துக்கொண்டனர். விளையாட்டு தவறு செய்யவில்லை. காற்றிலும் உராய்விலும் வளர்ந்த நம் உள்ளுணர்வே தவறியது.

2014 டிசம்பரில் பிராபனின் நிறுவனம் 'எலைட்: டேஞ்சரஸ்' என்னும் பிற்காலப் பாகத்தை வெளியிட்டது. அதில் ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் குடும்பங்கள் இருந்தன. ஆனால் கலங்களின் வேகத்துக்கு மீண்டும் வரம்பு வந்துவிட்டது! ஆட்டத்தின் இன்பத்துக்காக நியூட்டன் சற்று விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. விளையாட்டுக்கு இந்தச் சமரசம் பொருந்தலாம். ஆனால் 1993-இல் அந்தக் கலத்தை நிறுத்தத் தெரியாமல் திணறியவர், முதல் விதியைக் கையாலேயே கற்றுக்கொண்டார் அல்லவா?

உங்களிடம் அந்த விளையாட்டு இல்லாவிட்டால் என்ன? கேரம் பலகை இருக்கும். மாவு தூவாமல் ஒருமுறையும், தூவி ஒருமுறையும் காயைச் சுண்டிப் பாருங்கள். உராய்வு குறையக் குறையக் காய் நெடுந்தூரம் செல்லும். உராய்வு முற்றிலும் மறைந்து, பலகைக்கு விளிம்பும் இல்லாவிட்டால், காய் எங்கே போய் நிற்கும்? விடையை ஒப்பிக்காமல், சிந்தித்துச் சொல்லுங்கள்.