ஒரு ரப்பர் ஹோஸின் சரித்திரம்

2006 வாக்குல நடந்தது. திருவள்ளூர் தொழிற்சாலையில தயாரான பழைய மிட்சுபிஷி லேன்சர் ஒண்ணு செகண்ட் ஹேண்டுல வாங்கியிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு பட்டறைக்கு சர்வீசுக்கு விட்டா, மெக்கானிக் ஒரு ரப்பர் ஹோஸைக் காட்டினார். "இது எஞ்சினோட அழுக்குக் காத்தை எஞ்சினுக்கே திரும்ப ஊட்டுது சார். ரேஸ் வண்டில இதெல்லாம் கிடையாது. கழட்டிட்டு குட்டி ஃபில்டர் மாட்டிடலாம்." ரேஸ்னு காதுல விழுந்ததும் தலையாட்டிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு பூந்தமல்லி சிக்னல்ல நிக்கிறோம். பின் சீட்ல இருந்து பொண்ணு, "அப்பா, பெட்ரோல் நாத்தம் அடிக்குதுப்பா, வாந்தி வருது"ன்னா. அதுக்கப்புறம்தான் அந்த ஹோஸோட பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன். கொஞ்சம் டெக்னிக்கல்தான், பொறுத்துக்குங்க.

எஞ்சின்ல பெட்ரோல் வெடிக்கும்போது கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கீழே ஆயில் இருக்கிற கிராங்க்கேசுக்குள்ள இறங்கிடும். எரியாத பெட்ரோல், நீராவி எல்லாம் அதுல உண்டு. வெளியேத்தலைன்னா ஆயில் கெடும், சீல் பிதுங்கும். அந்தக் காலத்துல இதுக்கு ஒரு குழாய் வச்சு ரோட்டைப் பார்த்துத் திறந்து விட்டுட்டாங்க. அவ்ளோதான்!

இதை முதல்ல மூடினது காருக்காக இல்லை, டாங்கிக்காக. இரண்டாம் உலகப் போர்ல டாங்கிகள் ஆழமான தண்ணியில இறங்கினப்ப, அந்தக் குழாய் வழியா தண்ணி உள்ள போகாம இருக்க, வாயுவை எஞ்சினே திரும்ப உறிஞ்சுற மாதிரி செஞ்சாங்க. அதுதான் பி.சி.வி. புகைமூட்டத்துல திணறின கலிஃபோர்னியாவுல 1961 மாடல் கார்களுக்கு அது வந்தது. நம்ம ஆவடியில டாங்கித் தொழிற்சாலை தொடங்கினதும் அதே 1961-லதான்!

அடுத்தது ஏர் பம்ப். 1966-ல கலிஃபோர்னியா கார்கள்ல வந்தது. சைலன்சர் பாதைக்குள்ள காத்தை அடிச்சு, மிச்சப் பெட்ரோலை அங்கேயே எரிக்கிற வேலை. பவரைத் தின்னுதுன்னு வேகப் பைத்தியங்கள் முதல்ல கழட்டி எறிஞ்சது இதைத்தான். வேடிக்கை என்னன்னா, பின்னாடி டிராக் ரேஸ் ஆளுங்க அதே பம்பைத் தேடி எடுத்து, கிராங்க்கேஸ் வாயுவை உறிஞ்ச வச்சுக்கிட்டாங்க. உள்ளே அழுத்தம் குறைஞ்சா ரிங் நல்லா ஒட்டும், பவர் கூடும். மாசுக்கு வந்த பம்ப் வேகத்துக்குப் போயிடுச்சு!

நம்ம பக்கம் சோழவரத்துல, போர்க்கால விமான ஓடுதளத்துல, 1950-கள்ல இருந்தே ரேஸ் நடந்தது. 1990-ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில சொந்த டிராக் போட்டது. 1995-ல சென்னை உள்பட நாலு பெருநகரங்கள்ல புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாச்சு. ஆக ஒரே ஹைவேயில ரெண்டு வகை வண்டி.

சரி, ரேஸ் வண்டில அந்த ஹோஸ் கிடையாதுன்னு மெக்கானிக் சொன்னது பொய்யா? முழுப் பொய் இல்லை. பாதி உண்மை. பலதுல கிடையாது. ஆனா வாயுவை வெளியே விடுற வண்டிக்கு, கூட வர்ற ஆயிலைப் பிடிக்க டப்பா இருக்கணும்னு சர்வதேச ரேஸ் விதியே இருக்கு. 2000 சி.சி. வரைக்கும் 2 லிட்டர், அதுக்கு மேல 3 லிட்டர். டிராக்ல ஆயில் சொட்டினா பின்னாடி வர்றவன் வழுக்கி உயிரை விடுவானே!

என் வண்டில டப்பாவும் இல்லை, ஹோஸும் இல்லை. பானெட்டுக்குள்ள கக்கின வாயு ஏசி வழியா உள்ள வந்திருக்கு. ஆயில் மூடியைத் திறந்தா அடியில வெண்ணெய் மாதிரி பசை.

மறுநாளே புது வால்வும் ஹோஸும் மாட்டினேன். நாத்தம் போயிடுச்சு. ரேஸ்காரன் ஹோஸைக் கழட்டினாலும், பின்னாடி வர்றவனை நினைச்சு டப்பா வச்சான். நான் பின் சீட்ல இருந்தவளைக்கூட நினைக்கலை.