சிற்றுயிர்கள் எழுதி வைத்த கடல் வரலாறு

துறையூரிலிருந்து கிழக்கே பெரம்பலூர் வழியாக அரியலூருக்குச் செல்வோர், தம்மை அறியாமலேயே ஒரு பழங்கடலின் கரையைக் கடந்து செல்கின்றனர். துறையூருக்கு அரணாய் நிற்கும் பச்சைமலையும் கொல்லிமலையும் உயிரின் சுவடு காணாத தொன்மையான படிகப் பாறைகளால் ஆனவை. பாடாலூரைத் தாண்டி ஊட்டத்தூர், காரை ஆகிய ஊர்களின் பக்கம் சென்றாலோ மண்ணின் இயல்பே மாறிவிடுகிறது. களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் தலைகாட்டுகின்றன. கடல் இன்று அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும் சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அலைகள் வந்து மோதிய நிலம் அதுவே.

இவ்வுண்மையை நாம் அறிந்தது எவ்வாறு? 1840-களில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் தென்னிந்தியாவில் திரட்டிய கல்லான சிப்பிகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து, 1846-இல் உலகிற்கு அறிவித்தார். 1862-இல் பிளான்ஃபோர்டு இப்பகுதியின் பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாக வகுத்தார். நம் ஊர்களின் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றது இவ்வாறே. பின்னர் மொராவிய நாட்டவரான ஸ்டோலிச்கா இங்குக் கிடைத்த உயிரினப் படிவங்களைப் பெருந்தொகுதிகளாக விவரித்தார். 1874-இல் லடாக் மலைப்பகுதியில் ஆய்வுப் பயணத்தின்போதே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 36.

இவர்கள் அனைவருக்கும் முன்னோடியாக நின்றவர் ஒரு கத்தோலிக்க ஆயர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். டென்மார்க்கில் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டேனோ, பாறைகளில் அகப்பட்ட 'நாக்குக் கற்கள்' சுறாமீனின் பற்களே என்று நிறுவினார். குலையாத பாறை அடுக்குகளில் கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்ற எளிய நெறியை 1669-இல் எழுதி வைத்தார். 1677-இல் ஆயரான அவரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988-இல் அருளாளராக உயர்த்தினார். கல்லைப் படிப்பதும் இறைவனைப் பணிவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று.

பெரிய சிப்பிகள் சொல்லாத செய்தியையும் நுண்ணோக்கி வெளிப்படுத்தியது. ஃபொராமினிஃபெரா என்பவை கடலில் வாழும் ஓரணு உயிர்கள். அவற்றுள் பல, கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பைக் கொண்டு தமக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. பெரும்பாலானவை கடுகினும் சிறியவை. அவை இறந்தபின் ஓடுகள் கடலடியில் படிந்து, காலப்போக்கில் பாறையாகின்றன. காரைக் களிமண்ணில் இவை ஏராளம். சில இனங்கள் கரையோரத்திலும் சில ஆழ்கடலிலும் வாழ்பவை. ஆதலால் எந்த அடுக்கில் எந்த இனம் உள்ளது என்று கண்டாலே கடல் பொங்கியதும் வடிந்ததும் தெரிந்துவிடும். 1936-இல் பெங்களூரைச் சேர்ந்த ராமராவும் ஆஸ்திரியரான பியாவும் நின்னியூர் அடுக்குகளின் பாசிப் படிவங்களை விவரித்தனர். 1960-களில் சாஸ்திரி முதலிய இந்திய அறிஞர்கள் இவ்வட்டாரத்தின் அடுக்குகளைப் படிவங்களின் துணைகொண்டு நுட்பமாக வரிசைப்படுத்தினர்.

ஓடுகள் கடலின் வெப்பத்தையும் சொல்லும். 1947-இல் யூரி என்னும் வேதியியலறிஞர் அதற்கு வழிகாட்டினார். ஆக்சிஜனில் எடை குறைந்த அணுவும் உண்டு, கூடியதும் உண்டு. நீர் குளிரக் குளிர ஓட்டில் கூடியதன் பங்கு உயரும். 1955-இல் எமிலியானி இம்முறையால் ஆழ்கடல் சேற்றிலிருந்து பனியூழிகளின் ஏற்ற இறக்கங்களைப் படித்துக் காட்டினார்.

நம் பருவமழையின் கதையும் இவ்வோடுகளில் உண்டு. தென்மேற்குக் காற்று வலுத்து வீசும்போது அரபிக்கடலின் மேற்குக் கரையில் அடிநீர் மேலெழும். அக்குளிர்நீரில் குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்னும் இனம் பெருகும். அவ்வோடுகளை எண்ணிய அனில் குப்தாவும் அவருடைய உடனாய்வாளர்களும், வட அட்லாண்டிக் கடல் குளிர்ந்த காலங்களில் நம் பருவக்காற்று தளர்ந்தது என்று 2003-இல் காட்டினர். உலகின் ஒரு கோடியில் நேர்வது மறுகோடி உழவனின் வயலைத் தொடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி நம் காலத்திற்கு வருவோம். அரியலூர் வட்டாரத்தின் சுண்ணாம்புக் கல் சிமெண்ட் ஆலைகளின் மூலப்பொருள். டால்மியாபுரத்தில் 1939-இலேயே ஆலை எழுந்தது. அதனால் பலருக்கு வேலை கிடைத்தது; நம் வீடுகளும் பள்ளிகளும் ஆலயங்களும் எழுந்தன. இதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின் சூளையில் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது நிகழ்வது என்ன? தூய கல் 100 கிலோ வெந்தால், 44 கிலோ கரியமிலவாயு வெளியேறும். சூளைக்கு இடும் எரிபொருளின் புகை வேறு. பழங்கடலின் சிப்பிகளும் பாசிகளும் நுண்ணுயிர்களும் தம் உடலில் பூட்டி வைத்த கரியை, பல கோடி ஆண்டுகள் கழித்து ஒரு நாளில் நாம் அவிழ்த்து விடுகிறோம். உலகெங்கும் மனிதர் வெளியேற்றும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலால் வருவதாகக் கணக்கிட்டுள்ளனர்.

அவ்வாயுவில் ஒரு பங்கைக் கடல் உட்கொள்கிறது. உட்கொண்ட கடலின் காரத்தன்மை குறைகிறது. ஓடு கட்டும் உயிர்களுக்குக் கட்டுமானம் கடினமாகிறது. 2009-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தென்பெருங்கடலில் வாழும் குளோபிஜெரினா புல்லாய்டஸின் ஓடுகளை நிறுத்துப் பார்த்தனர். கடலடியில் கிடந்த முற்கால ஓடுகளைவிட அவை 30 முதல் 35 விழுக்காடு எடை குறைந்திருந்தன. நம் மழையின் வரலாற்றை எழுதி வைத்த அதே இனம் இன்று மெலிந்து வருகிறது. பழைய ஏட்டை எரித்த புகை, புதிய ஏட்டை எழுதும் கையையும் தளர்த்துகிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' என்னும் சுற்றுமடல், படைப்பனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று வலியுறுத்துகிறது. அறநெறியாக அம்மடல் சொல்வதையே இவ்வோடுகள் கணக்காகச் சொல்கின்றன. அவற்றைக் கேட்டபின் நம் கடமை என்ன? வீடு கட்டாதிருக்க இயலாது. ஆனால் தேவைக்குமேல் கட்டாதிருக்க இயலும். பழுதுபார்த்துப் புழங்கத்தக்க கட்டடத்தைப் பெருமைக்காக இடிக்காதிருக்க இயலும். கல்வெட்டிய குழிகளில் எஞ்சி நிற்கும் அடுக்குகளுள் சிலவற்றையேனும் நம் பிள்ளைகள் படிப்பதற்காகக் காத்து வைக்கவும் இயலும். நம் ஆண்டவர் இறையாட்சியைக் கடுகு விதைக்கு ஒப்பிட்டார். சிறியதை அற்பமாக எண்ணாதிருக்க அன்றே கற்பித்தார். அதனினும் சிறிய இவ்வுயிர்கள் கடலும் காலமும் மாறிய கதையைப் பழுதின்றிக் காத்து வந்துள்ளன. நம் தலைமுறையைப் பற்றி அவை என்ன எழுதி வைக்கப் போகின்றன என்பது இனி நம் கையில் உள்ளது.