குருதியில் கண்ட கருந்துகள்

மலேரியா, சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால் வருவதென்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. நோயாளர் குருதியில் கருந்துகள்கள் இருப்பதை மருத்துவர் அறிந்திருந்தனர். அவற்றின் காரணத்தை அறிந்திலர்.

1880 நவம்பர் 6-ஆம் நாள், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவெரான், காய்ச்சலுற்ற போர்வீரன் ஒருவனின் குருதியை நுண்ணோக்கியில் நோக்கினார். கருந்துகள் தாங்கிய உருண்டைகளின் விளிம்பில் மெல்லிய இழைகள் துடித்தன. துடிப்பது உயிரன்றோ! நோய்க்குக் காரணம் காற்றன்று, ஒட்டுண்ணியே எனத் துணிந்தார். அறிஞர் பலர் முதலில் ஏற்க மறுத்தனர்.

1897-இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் அவ்வொட்டுண்ணியைக் கண்டார். 1901-இல் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நீரை வடியச் செய்தார், காய்ச்சல் தணிந்தது. மலாயாத் தோட்டங்களில் அந்நோய்க்கு இரையான தமிழர் பலர். பின்வந்தோர் பிழைத்ததில் அவ்வொரு துளிக் குருதிக்கும் பங்குண்டு.