மேற்பார்வைக்கு ஒரு தனி யந்திரம்: சர்வர்களின் தொலைப் பழுதறிதல் வளர்ந்த வரலாறு

ஒரு சர்வர் பழுதுற்று நின்றுவிட்டபோது, அதன் அருகே செல்லாமல், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து சில சொற்களைத் தட்டெழுதி, அதன் மின்விசிறிகள் சுழல்கின்றனவா, மெமரிப் பலகைகளில் எது கெட்டது, இரண்டு பவர் சப்ளைகளில் எது செயலற்றுப் போயிற்று என்று கேட்டறியும் வழக்கம் இன்று கணினிகளைப் பராமரிப்போருக்கு அன்றாடக் காரியமாகிவிட்டது. இணையம் பரவியதால் விளைந்த பயன்களுள் இதுவும் ஒன்று என்றே பலரும் கருதுகின்றனர். அக்கருத்தை முற்றிலும் பிழையென்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் வரலாற்றை நிரலே நோக்குமிடத்து, வலைப்பின்னல்கள் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சாதாரணத் தொலைபேசிக் கம்பியின் வழியாக இக்காரியம் செம்மையாக நடைபெற்று வந்திருப்பது புலனாகிறது. பழுதுற்ற யந்திரத்தையே அதன் பழுதுக்குச் சாட்சியாக நம்பியிராமல், அதன் பக்கத்திலேயே சுதந்திரமாக இயங்கவல்ல மற்றொரு சிறு யந்திரத்தை நிறுத்திவைத்த ஏற்பாடே இதனைச் சாத்தியமாக்கிற்று என்பது என் துணிபு. அவ்வேற்பாடு எங்கெல்லாம் உறுதியாக இருந்ததோ அங்கெல்லாம் தொலைப் பரிசோதனை பலித்தது. எங்கெல்லாம் தளர்ந்ததோ அங்கெல்லாம் பொறியாளர் வண்டியேறிப் போகவேண்டியதாயிற்று.

1960-களின் பெருங்கணினிகளில் பழுது பார்ப்பவருக்குக் கிடைத்த முதற்கருவி, முகப்புப் பலகையில் வரிசை வரிசையாகப் பதித்திருந்த விளக்குகளே. ஒவ்வொரு விளக்கும் உள்ளிருக்கும் ஏதேனும் ஒரு ரெஜிஸ்டரின் ஒரு பிட்டைக் குறிக்கும். யந்திரம் நின்றவுடன் விளக்குகளின் கோலத்தைப் படித்து, கையேட்டோடு ஒப்பிட்டு, ஊகித்தறியவேண்டும். 1964 ஏப்ரலில் ஐபிஎம் ஸ்தாபனம் சிஸ்டம்/360 என்னும் கணினிக் குடும்பத்தை வெளியிட்டபோது, இவ்வூகத்திற்கு ஒரு சாஸ்திரீய முறைமையைக் கற்பிக்க முயன்றது. கார்ட்டரும் அவருடன் பணியாற்றியோரும் அந்நிறுவனத்தின் ஆராய்ச்சி இதழில் அதே ஆண்டில் எழுதிய கட்டுரை அம்முயற்சியை விரிவாக விளக்குகிறது. பெரிய மாடல்களில், முன்னரே வகுத்துவைத்த சோதனைக் கோலங்களை உட்சுற்றுகளில் நேரே புகுத்தி, கடிகாரத் துடிப்பைச் சில அடிகள் மட்டும் நகர்த்தி, விளைந்த நிலையை வெளியே வாங்கி, வரவேண்டிய விடையோடு ஒப்பிடுவார்கள். வேறுபாடு தோன்றினால், எந்தச் சோதனையில் அது தோன்றிற்று என்ற எண்ணைக் கொண்டு, எந்த அட்டை சந்தேகத்திற்குரியது என்பதை ஏடுகளில் தேடிக் காணலாம். ஆனால் சோதனையை நடத்தும் சுற்றுகளும் அதே யந்திரத்தின் அங்கங்களே ஆதலின், அவை மட்டுமேனும் பழுதின்றி இருக்கவேண்டும் என்ற நிபந்தனை எஞ்சி நின்றது. மயங்கிக் கிடப்பவனிடமே அவன் நோயின் வரலாற்றைக் கேட்பதில் உள்ள இடர்ப்பாடு, எத்துணை நுட்பமான கேள்விகளை வகுத்தாலும் தீர்வதில்லை.

சிஸ்டம்/360 உருவாவதில் தலைமையான பங்கு கொண்ட ஜீன் ஆம்டால், ஐபிஎம்மை விட்டு நீங்கித் தமது பெயராலேயே நிறுவிய கம்பெனியின் முதற்கணினியான 470 வி/6, 1975-இல் நியூயார்க்கிலுள்ள நாசாவின் கொடார்டு விண்வெளி ஆய்வுக் கழகத்திற்குச் சென்று சேர்ந்தது. அதன் கன்சோலாக அமர்ந்திருந்தது வேறொரு முழுக் கணினி. டேட்டா ஜெனரல் கம்பெனியார் செய்த நோவா என்னும் மினிகம்ப்யூட்டர். பெரிய யந்திரம் ஸ்தம்பித்து நின்றாலும் நோவா தன்பாட்டுக்கு இயங்கும். அதனைத் தொலைபேசியோடு இணைத்துவிட்டால், கம்பெனியின் நிபுணர்கள் தம் அலுவலகத்திலிருந்தே உள்நிலையைப் பார்வையிடலாம். இவ்வரலாற்றில் இது ஒரு திருப்பம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எனினும் அம்முறையை ஆயிரக்கணக்கான கணினிக்கூடங்களின் சாதாரண உபயோகத்திற்குக் கொண்டுவந்த பெருமை, டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் 1977 அக்டோபரில் அறிமுகம் செய்த வாக்ஸ்-11/780-ஐயே சாரும். ஆகையால் அதனைச் சற்று அருகிருந்து காண்பது தகும். அந்த யந்திரத்தின் அலமாரிக்குள் எல்எஸ்ஐ-11 என்னும் சிறு கணினி ஒன்றும், அதற்கென ஒரு ஃபிளாப்பி டிரைவும் தனியே அமைந்திருந்தன. மின்சாரம் வந்ததும் சிறியதே முதலில் விழிக்கும். தன் புரோகிராமை ஃபிளாப்பியிலிருந்து படித்துக்கொண்டு, பின்னரே பெரியதை எழுப்பும். கன்சோல் டெர்மினலில் கண்ட்ரோல் விசையையும் பி என்ற எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் மூன்று கோணக்குறிகள் அச்சாகும்; அதன்பின் தட்டும் சொற்கள் வாக்ஸைச் சேராமல் எல்எஸ்ஐ-11-ஐயே சேரும். 'ஹால்ட்' என்றால் பெரிய பிராசசர் நிற்கும். 'எக்ஸாமின்' என்ற கட்டளையோடு பொது ரெஜிஸ்டரைக் குறிக்கும் ஜி எழுத்தையும், எஃப் என்ற பதினறும எண்ணையும் கொடுத்தால், பதினைந்தாம் ரெஜிஸ்டராகிய புரோகிராம் கவுண்டரில் உள்ள முகவரி, எட்டு இலக்கங்களாக மறுவரியில் வந்து நிற்கும். எந்தக் கட்டளையை நிறைவேற்றும்போது யந்திரம் மாண்டது என்பதற்கு அதுவே முதற் தடயம். பிராசசரின் உட்சமிக்ஞைகளை நோட்டமிடுவதற்கென்றே ஒரு தனி வழித்தடமும் எல்எஸ்ஐ-11-க்கு வாய்த்திருந்தது.

முகப்பில் ஒரு சாவித்துளை இருந்தது. அதன் ஐந்து நிலைகளில் ஒன்று மின்சாரத்தை நிறுத்துவது. இரண்டு, அறையிலிருக்கும் டெர்மினலுக்கு முழு அதிகாரம் அளிப்பதும் கன்சோல் கட்டளைகளைப் பூட்டிவைப்பதும். எஞ்சிய இரண்டு, தொலைபேசி வழியே வருபவருக்கு அவ்வாறே இடமளிப்பன. வாடிக்கையாளர் பழுதை அறிவித்ததும், கணினிக்கூடத்து ஊழியர் பரிசோதனை ஃபிளாப்பியைச் செருகி, சாவியை 'ரிமோட்' என்ற நிலைக்குத் திருப்புவார்; கொலராடோ ஸ்பிரிங்ஸில் அந்நிறுவனம் நடத்திய பழுதறி நிலையத்துப் பொறியாளர், மோடம் வழியே புகுந்து சோதனைகளை ஓட்டி, எந்த அட்டையை எடுத்துச் செல்லவேண்டும் என்பதை நேரில் செல்லவிருக்கும் பொறியாளருக்குச் சொல்லியனுப்புவார். அனுமதி என்பது உலோகச் சாவியாக, அறைக்குள் இருக்கும் ஒருவரின் கையில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் நேர்ந்த அனர்த்தங்களை ஆராயுங்கால் அச்சாவியின் மதிப்பு நன்கு விளங்கும்.

அக்கால மோடம்கள் விநாடிக்கு 30 எழுத்துகளையோ, சற்று உயர்ந்தவையாயின் 120 எழுத்துகளையோதான் கடத்தின. அத்தகைய குறுகிய வழியில் படங்களுக்கு இடமேது? சில எழுத்துகளில் கேள்வி, ஒரு வரியில் விடை என்ற கமாண்ட் லைன் முறை இவ்விதம் நிர்ப்பந்தத்தால் பிறந்தது; ஆனால் நிர்ப்பந்தம் நீங்கிய பின்னும் அது நிலைத்திருப்பதற்குக் காரணம், எழுத்தில் வந்த விடையைச் சேமிக்கலாம், நேற்றைய விடையோடு ஒப்பிடலாம், ஆயிரம் சர்வர்களை ஒரே கட்டளைத் தொகுப்பால் கேட்கலாம் என்பதே. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாம் ஃபைன் தொடங்கிய 'கான்சர்வர்' என்னும் மென்பொருள், பல சர்வர்களின் கன்சோல்களில் வரும் ஒவ்வொரு வரியையும் கோப்புகளில் பதிந்து வைத்தது. சர்வர் சாகுமுன் உதிர்த்த கடைசி வார்த்தைகளைப் பிறகு நிதானமாகப் படித்தறிய அது உதவிற்று.

1989-இல் வந்த சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் 1, மிட்ச் பிராட்லி வகுத்த ஓப்பன்பூட் என்னும் ஃபர்ம்வேரைத் தாங்கி வந்தது; ஃபோர்த் மொழியில் அமைந்த அது, 1994-இல் ஐஇஇஇ 1275 என்ற பொதுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. கீபோர்டு இணைக்கப்படாத சன் யந்திரம் தானாகவே சீரியல் போர்ட்டைக் கன்சோலாகக் கொள்ளும். அங்கே தோன்றும் 'ஓகே' என்ற அழைப்பின்பின் 'ப்ரோப்-ஸ்கசி' என்றால், அந்த வழித்தடத்தில் விடையளிக்கும் ஹார்டு டிஸ்க்குகளின் பட்டியல் வரும். 'வாட்ச்-நெட்' என்றால், நலமாக வந்து சேர்ந்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு புள்ளியும், கெட்டு வந்ததற்கு ஓர் எக்ஸ் எழுத்துமாகத் திரையில் ஊர்ந்து செல்லும். இத்துணை எளிய, இத்துணை பயன்மிக்க பரிசோதனையை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆயினும் நம் அளவுகோலின்படி நோக்கினால் இது ஒரு பின்னடைவே. ஏனெனில் ஓப்பன்பூட் அதே பிராசசரின் மேல்தான் ஓடிற்று, பிராசசர் கெட்டால் 'ஓகே' என்று சொல்ல எவரும் இல்லை. மற்றொரு சங்கடமும் உண்டு: சீரியல் கம்பியில் 'பிரேக்' சமிக்ஞை வந்தால் சன் யந்திரங்களின் இயங்குதளமாகிய சோலாரிஸ் உடனே நின்று ஃபர்ம்வேருக்கு வழிவிடும், பல சர்வர்களை இணைத்திருந்த டெர்மினல் சர்வர் ஒன்றை அணைத்து எழுப்பினால், அது உதறிவிடும் தவறான சமிக்ஞையால் அத்தனை சர்வர்களும் ஒருங்கே நின்றுவிடக்கூடும். அதனைத் தவிர்க்கவே, ஒரு புதுவரி, ஓர் அலைக்குறி, கண்ட்ரோல்-பி என்ற மாற்றுத் தொடரைப் பின்னர் ஏற்படுத்தினர். சன் நிறுவனமே நாளடைவில் தனிச் சிறு பிராசசருக்குத் திரும்பிற்று. 'ஆலோம்' என்ற அந்த அமைப்பில் 'ஷோஎன்விரான்மென்ட்' என்று கேட்டால் வெப்பநிலையும் விசிறிகளின் வேகமும் மின்னழுத்தமும் பட்டியலாக வரும்.

இன்டெல் பிராசசர்களைக் கொண்ட மலிவான சர்வர்கள் இவற்றையெல்லாம் வெகுகாலம் அறியாதிருந்தன. அவற்றின் பயாஸ் பழுதைப் பீப் ஒலிகளால் தெரிவிக்கும். கேட்பதற்கு அறையில் ஆள் வேண்டும். காம்பேக் முதலிய நிறுவனங்கள் தத்தமக்கென வெவ்வேறு மேற்பார்வை அட்டைகளை விற்றன. இவ்வேற்றுமையை நீக்குவதற்காக இன்டெல், டெல், ஹியூலெட்-பேக்கர்டு, என்இசி ஆகிய நான்கும் கூடி 1998 செப்டம்பரில் வெளியிட்டதே ஐபிஎம்ஐ என்னும் தரம். 2001-இல் வந்த 1.5 பதிப்பு வலைப்பின்னல் வழியே வினவுவதற்கும், 2004-இல் வந்த 2.0 பதிப்பு சீரியல் கன்சோலையே வலைப்பின்னலில் கடத்துவதற்கும் வழி செய்தன.

இத்தரத்தின் உயிர்நிலை, பிஎம்சி எனப்படும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு. மின்கம்பி செருகியிருக்கும் வரை, சர்வர் அணைந்திருந்தாலும், அது ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் விழித்தே இருக்கும். அதன் சிக்கனம் வியக்கத்தக்கது. ஒவ்வொரு சென்சாரின் அளவையும் அது ஒரே பைட்டில், அதாவது 256 நிலைகளுள் ஒன்றாக, வைத்துக்கொள்கிறது. அதனை எந்த எண்ணால் பெருக்கி எதனைக் கூட்டினால் டிகிரியாகவோ வோல்ட்டாகவோ ஆகும் என்ற சூத்திரம் தனிப்பதிவாக உடனிருக்கிறது. நிகழ்ச்சிப் பேரேட்டில் ஒரு சம்பவத்திற்கு 16 பைட்டுகளே இடம்.

சன் நிறுவனத்தைச் சேர்ந்த டங்கன் லாரி எழுதிய ஐபிஎம்ஐடூல் என்னும் கருவியே இத்தரத்தைக் கமாண்ட் லைனில் பிரபலமாக்கிற்று. நள்ளிரவில் ஒரு சர்வர் பேச்சற்றுப் போனால், அனுபவமுள்ளவர் முதலில் 'சேசிஸ் ஸ்டேட்டஸ்' கேட்பார். மின்சாரம் இருக்கிறதா என்பது தெளியும். அடுத்து 'செல் இலிஸ்ட்'. இறந்த கணத்திற்கு முன் பேரேட்டில் என்ன எழுதப்பட்டது, ஒரே மெமரிப் பலகையின் பெயரில் திருத்தத்தக்க பிழைகள் தொடர்ந்து வந்து, இறுதியில் திருத்தவொண்ணாத ஒன்று வந்ததா என்பது தெரியும். பின் 'சோல் ஆக்டிவேட்'. கன்சோல் இன்னும் எதையேனும் எழுதுகிறதா என்பது தெரியும். இவையெல்லாம் முடிந்த பிறகே 'சேசிஸ் பவர் சைக்கிள்'. இவ்வரிசையை மாற்றி முதலிலேயே மின்சாரத்தை அணைத்து எழுப்புபவர் தடயத்தை அழிக்கிறார். 'செல் டைம் கெட்' கேட்பதையும் மறத்தலாகாது. பிஎம்சியின் கடிகாரம் வேறு, சர்வரின் கடிகாரம் வேறு ஆதலின், இரண்டுக்கும் இடையே சில மணி நேர வேற்றுமை இருந்தால் காரணம் காரியத்திற்குப் பின் நிகழ்ந்ததாகத் தோன்றும்.

இச்சாட்சிக்கும் எல்லை உண்டு. ஹார்டு டிஸ்க்கின் அந்தரங்கம் பெரும்பாலும் பிஎம்சிக்கு எட்டுவதில்லை. அதற்கு, ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸுக்குள் நுழைந்து 'ஸ்மார்ட்சிடிஎல்' என்னும் கட்டளையால் டிஸ்க்கையே கேட்கவேண்டும். அவ்விடையும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று: கூகுள் நிறுவனத்தார் 1,00,000-க்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பழுதுற்றவற்றுள் 56 விழுக்காட்டில் முக்கியமான நான்கு அறிகுறிகளுள் ஒன்றுகூட முன்னதாகத் தோன்றவில்லை.

காவலுக்கு நின்ற யந்திரமே கன்னக்கோலுக்கு வழியான கதையையும் சொல்லியாகவேண்டும். ஐபிஎம்ஐ 2.0-இல் கடவுச்சொல் 20 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. அதனை மீட்டெடுக்கத்தக்க வடிவிலேயே பிஎம்சி சேமித்துவைக்க வேண்டும். இன்னார் என்று நிரூபிக்காதவர் கேட்டாலும், கடவுச்சொல்லிலிருந்து கணித்த ஹாஷை அது நெறிமுறைப்படியே அனுப்பிவிடும், பெற்றவர் அதை வைத்துக்கொண்டு நிதானமாக ஊகித்துப் பார்க்கலாம். 'சைஃபர் பூஜ்யம்' என்ற முறையை அடைக்காமல் விட்டிருந்தால் கடவுச்சொல்லே வேண்டியதில்லை. பாதுகாப்பு ஆய்வாளர் டான் ஃபார்மர் 2013-இல் இவற்றை அம்பலப்படுத்தினார். அமெரிக்க அரசின் கணினி அவசர உதவி அமைப்பும் அவ்வாண்டு ஜூலையில் எச்சரிக்கை விடுத்தது. வாக்ஸின் சாவியைக் கையில் வைத்திருந்த ஊழியரின் இடத்தில் இப்போது ஒருவரும் இல்லை என்பதே இதன் சாரம்.

2015 ஆகஸ்டில் டிஎம்டிஎஃப் அமைப்பு வெளியிட்ட ரெட்ஃபிஷ் தரம், ஐபிஎம்ஐயின் பைட்டுக் கணக்கைக் கைவிட்டு, எச்டிடிபிஎஸ் வழியே ஜேசன் வடிவில் கேள்வி பதிலை நடத்துகிறது. 'கர்ல்' என்ற சாதாரணக் கட்டளையே இதற்குப் போதும். அதே ஆண்டில் ஃபேஸ்புக் தன் பிஎம்சி மென்பொருளை ஓப்பன்பிஎம்சி என்ற பெயரில் வெளியிட்டது. மேற்பார்வை யந்திரத்தின் உள்ளே ஓடுவது இன்னதென்று வாங்குபவரே படித்தறியலாம் என்ற நிலை இதனால் ஏற்பட்டது. ஐபிஎம்ஐ காலத்துப் பூட்டிய ஃபர்ம்வேரோடு ஒப்பிட இது பெரும் நன்மை என்று கருதுகிறேன்.

ஆனால் பிஎம்சி எத்துணை சுதந்திரமாயினும், அதனை அடையும் பாதை சர்வரின் பாதையோடு விதியால் பிணைந்திருந்தால் பயனில்லை. பல சர்வர்களில் பிஎம்சி, செலவைக் குறைக்கும் பொருட்டு, சர்வரின் நெட்வொர்க் போர்ட்டையே பகிர்ந்துகொள்கிறது; அந்தப் போர்ட்டோ அதற்கு மேலுள்ள ஸ்விட்சோ கெட்டால் இரண்டும் ஒருங்கே மறைகின்றன. இதன் பேருருவை உலகம் 2021 அக்டோபர் 4-ஆம் நாள் கண்டது. பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளையால் ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலைப்பின்னல் முழுதும் துண்டிக்கப்பட்டபோது, அத்தகைய வேளைக்கென்றே வைத்திருந்த மாற்று வலைப்பின்னலும் எட்டாமற் போயிற்று. அந்நிறுவனம் மறுநாள் தந்த விளக்கத்தின்படி, பொறியாளர்களை டேட்டா சென்டர்களுக்கு நேரில் அனுப்பவேண்டியிருந்தது. உள்ளே நுழைவதற்கும், நுழைந்தபின் சாதனங்களைத் தொட்டு மாற்றுவதற்கும் இருந்த பாதுகாப்பு முறைகளைக் கடக்கவே அவர்களுக்கு நேரம் பிடித்தது. மேற்பார்வைப் பாதையை முதன்மைப் பாதையிலிருந்து முற்றிலும் பிரித்து, செல்பேசி மோடம் பொருத்திய கன்சோல் சர்வர்களின் மூலம் வேறொரு கம்பெனியின் இணைப்பில் வைப்பவர்கள் இன்று பலர். அம்மோடத்தின் வழியே சீரியல் கன்சோலின் எழுத்துகள் வரி வரியாக வந்து சேர்கின்றன.