பாக்கெட்டுக்குள் போன பட்டகம்

ஒரு விஞ்ஞானி பொய்யே சொல்லாமல் ஒரு தேசத்தையே ஏமாற்ற முடியுமா? முடியும்! வாருங்கள், பிரான்ஸில் நான்ஸி நகரத்துக்குப் போவோம். வருடம் 1903.

எக்ஸ்-ரே வந்து எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. அடுத்த கதிர் யாருக்குக் கிடைக்கப்போகிறது என்று பலரும் பரபரத்துக்கொண்டிருந்த நேரம். நான்ஸி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரெனே ப்ளாண்ட்லோ, தான் புதுசாக ஒரு கதிரைக் கண்டதாக அறிவித்தார். ஊர்ப் பெயரின் முதல் எழுத்தை வைத்து 'என்-கதிர்' என்று பெயர். (தமிழில் 'என்னுடைய கதிர்' என்றாகிறது. எவ்வளவு பொருத்தம் என்று போகப்போகப் பார்ப்பீர்கள்!)

ப்ளாண்ட்லோ லேசுப்பட்டவர் அல்ல. கம்பியில் மின்சாரம் பாயும் வேகத்தை அளந்தவர். ஆகவே நம்பினார்கள். சுமார் 300 ஆய்வுக் கட்டுரைகள் வந்து குவிந்தன! நரம்பிலிருந்து என்-கதிர் வருகிறது என்றார் ஒருவர். குளோரோஃபார்ம் கொடுத்தால் உலோகம்கூட 'மயங்கி' கதிர் விடுவதை நிறுத்திவிடுகிறது என்றார் இன்னொருவர். அவர் கதிரியக்கம் கண்ட பெக்ரெலின் மகன்!

சிக்கல் எங்கே என்றால், கதிர் பட்டால் மங்கலான ஒளி துளி பிரகாசமாகும். அதை இருட்டறையில் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். உற்றுப் பார்க்கக்கூடாது, ஓரக்கண்ணால்தான்! இங்கிலாந்து, ஜெர்மனிக்காரர்கள் பலருக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. 'உங்கள் கண்ணுக்கு நுட்பம் போதாது' என்று சொல்லிவிட்டார்கள். இப்படிப் பதில் வந்தாலே நாம் உஷாராகிவிட வேண்டாமா?

1904 செப்டம்பரில் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், நேரில் பார்த்துவிடலாம் என்று நான்ஸிக்குக் கிளம்பி வந்தார். அலுமினியப் பட்டகம் ஒன்று என்-கதிரைப் பிரித்துக் காட்ட, ப்ளாண்ட்லோ இருட்டில் அளவுகளை வாசித்தார். 'இன்னொரு தடவை செய்யுங்களேன்' என்ற வுட், பட்டகத்தைச் சத்தமில்லாமல் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பேராசிரியர் அதே எண்களை, அதே நிதானத்துடன் வாசித்தார்!

'நேச்சர்' இதழில் வுட்டின் கடிதம் வந்தது. பிரான்ஸுக்கு வெளியே என்-கதிர் அத்தோடு செத்தது. உள்ளே? அதே வருடக் கடைசியில் பிரெஞ்சு அறிவியல் அகாடமி ப்ளாண்ட்லோவுக்கு 50,000 ஃப்ராங்க் பரிசு கொடுத்தது. அவருடைய மொத்த ஆயுள் உழைப்புக்காம்!

ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை அவரிடம் எளிய சோதனை ஒன்று கேட்டது. ஒரே மாதிரி மூடி ஒட்டிய பெட்டிகள். எதில் கதிர் வருகிறது என்று சொன்னால் போதும். 1906-ல் ப்ளாண்ட்லோ மறுத்துவிட்டார் - அவரவர் சொந்த முடிவுக்கு வந்துகொள்ளட்டும் என்று. அவர் 1930 வரை உயிரோடு இருந்தார். அந்தப் பெட்டிகளை மட்டும் கடைசிவரை தொடவில்லை.