பொம்மைக் கப்பலின் பாய்

புதுவையிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் சென்றால் நோணாங்குப்பம் வரும். சுண்ணாம்பாற்றின் கரையில் உள்ள படகுத்துறையால் இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு அறிமுகமான ஊர் அது. அங்குள்ள படகுகளில் பல பொறியால் ஓடுகின்றன. ஒரு நாள் முழுவதும் கரையில் உட்கார்ந்திருந்தாலும் ஒரு பாயைக் காண முடியாது. இதே வட்டாரத்தில், சற்று வடக்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பாய்விரித்த கலங்களால் வாழ்ந்த துறை அது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பாய் என்னவாயிற்று என்று வினவும் நிலைக்கு நம்மைக் கொண்டுவந்தது ஒரு பொம்மைக் கட்டுமரம்.

கல்லூரிக் கண்காட்சி ஒன்றிற்காக நம் மாணவர்கள் ஒரு முழ நீளத்தில் கட்டுமரம் செய்தார்கள். மரத்துண்டுகளை இழைத்துக் கயிற்றால் பிணைத்தது நன்றாகவே வந்தது. பழைய வேட்டியில் முக்கோணமாகப் பாயை வெட்டி ஓரம் மடித்துத் தைத்துக் கட்டியபோது எல்லாம் கெட்டது. பாய் கொடியில் உலர்த்திய துண்டைப்போலத் தொங்கியது. கஞ்சி போட்டுப் பார்த்தோம், அட்டையைப்போல் விறைத்தது. மரவேலையில் தேர்ந்த கைகள் துணியில் தோற்றது ஏன் என்று அப்போது நமக்கு விளங்கவில்லை.

கணக்குப் போட்டால் ஓரளவு விளங்கும். ஆறு மீட்டர் கட்டுமரத்தை முப்பது சென்டிமீட்டராகச் சுருக்கினால் இருபதில் ஒரு பங்கு. அரை மில்லிமீட்டர் தடித்த பாய்த்துணியும் அதே விகிதத்தில் குறுகி ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்காக வேண்டும். அத்தகைய துணியை எத்தறியில் நெய்வது? மரத்தைச் செதுக்கிச் சிறிதாக்கலாம், கயிற்றுக்குப் பதில் நூலைக் கட்டலாம். நூலுக்குப் பதில் கட்ட எதுவுமில்லை. கப்பல் உருமாதிரி செய்வோர் உலகெங்கும் இடறும் இடம் இதுதான். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கடற்படையின் கப்பல்துறை மாதிரிகள் பெரும்பாலும் பாயின்றியே நிற்கின்றன. பாய் கட்டிய மாதிரிகளிலும் முதலில் மட்குவது துணியே.

பெரிய கலத்தின் பாயும் அப்படித்தான். அரிக்கமேட்டை 1945-இல் மார்ட்டிமர் வீலரும், பின்னர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தார்கள். மட்கலம் கிடைத்தது, மணி கிடைத்தது. நெய்த துணியை நம் ஈரமண் விட்டுவைப்பதில்லை. இந்தியப் பாயைக் காண நாம் எகிப்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. செங்கடற்கரையில் பெரெனிகே என்னும் பழந்துறையின் குப்பைமேட்டிலிருந்து பருத்திப் பாய்த்துண்டுகள் எடுக்கப்பட்டன. ஜான் பீட்டர் வைல்டு, ஃபெலிசிட்டி வைல்டு இணையர் அவற்றை ஆராய்ந்து 2001-இல் எழுதினார்கள். துணியின்மேல் வலுவுக்காகப் பட்டைகள் வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. இழை முறுக்கப்பட்ட திசை எகிப்தியருடையதன்று, இந்தியருடையது. 'கொற்றன்' என்ற பெயர் தமிழ் எழுத்தில் பொறித்த பானைத்துண்டு கிடைத்ததும் இதே பெரெனிகேயில்தான். அந்தப் பாய் சோழமண்டலக் கரையில் நெய்ததா, குசராத்தில் நெய்ததா என்பதைத் துணி சொல்லாது. ஆனால் கை பட்ட இடத்தை அது காட்டுகிறது: பட்டை எங்கே வைக்கப்பட்டது, எத்திசையில் ஊசி சென்றது என்பதை.

நம் இலக்கியம் இவ்வகையில் உதவுமா? பாயைக் குறிக்க 'இதை' என்றொரு சொல் சங்கநூல்களில் உண்டு, மரத்திற்குக் 'கூம்பு'. புறநானூற்றின் முப்பதாம் பாட்டு, மேற்பாயைக் களையாமலே காவிரியின் புகாருக்குள் புகுந்த பெருங்கலத்தைப் பேசுகிறது. ஆற்றின் ஆழத்தைச் சொல்லவந்த புலவர் பாயைத் தைத்தவனைச் சொல்லவில்லை. அது அவர் வேலையும் அன்று. 'இதை' வழக்கொழிந்து 'பாய்' மட்டும் நின்றது. படுக்கும் பாய்க்கும் கப்பலின் பாய்க்கும் ஒரே சொல் இருப்பதால், ஓலையோ கோரையோ முடைந்து விரித்த காலம் ஒன்று இருந்திருக்கலாம் என்று நாம் ஐயுறுவதுண்டு. ஐயம்தான், நிலைநாட்ட நம்மிடம் சான்றில்லை.

நிற்க. புதுவைக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுவைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, சரக்கையும் மனிதரையும் அலைகளைக் கடந்து கரைசேர்த்தவை தைத்துக் கட்டிய சலங்குகள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் (1736-1761) புரட்டினால் கப்பல் வந்ததும் போனதும் பீரங்கி முழங்கியதும் பக்கந்தோறும் வருகின்றன. கப்பலில் வந்த செய்தியும் சரக்கும் அவருக்கு முக்கியம். கப்பலை ஓட்டிய துணி அவர் கண்ணுக்குப் பெரிதாகப் படவில்லை; ஒரு துபாசியிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று.

அதை அளந்தவர் ஒரு பிரெஞ்சு மாலுமி. பிரான்சுவா எத்மோன் பாரி (1806-1893) மூன்றுமுறை உலகைச் சுற்றியவர். 1829 முதல் 1832 வரை 'ஃபாவொரித்' கப்பலில் சென்றபோது சோழமண்டலக் கரையின் சலங்கையும் கட்டுமரத்தையும் தோணியையும் நுணுக்கமாக வரைந்தார். அக்காலத்து ஐரோப்பியப் பயணிகளில் பலர் கட்டுமரத்தை ஒரு வேடிக்கையாக வரைந்து நகர்ந்தார்கள். பாரி கட்டைகளின் நீளத்தையும் பிணைப்பையும் பாயின் வடிவத்தையும் அளவோடு குறித்தார். ஐரோப்பியரல்லாத மக்களின் கலங்களைப் பற்றி 1841-43-இல் வெளிவந்த அவருடைய நூலில் நூற்றுமுப்பது வரைபடத் தாள்கள் அளவில் இருக்கின்றன. மூன்றாம் பயணத்தின்போது இயந்திரத்தில் சிக்கி ஒரு கையை இழந்த பின்னும் வரைவதை அவர் விடவில்லை. 1871-இல் பாரிசில், லூவர் மாளிகையில் அப்போதிருந்த கடல்சார் அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்று, தம் வரைபடங்களைக்கொண்டு உருமாதிரிகள் செய்வித்தார். இறக்கும்வரை அப்பணியிலேயே இருந்தார். அவ்வருங்காட்சியகம் இன்று ஷாயோ மாளிகையில் இருக்கிறது. நெடுங்காலம் மூடியிருந்து 2023 நவம்பரில் மீண்டும் திறந்தது. நம் கரையில் மட்கிப்போன கலங்களுக்குச் சிற்றுருவேனும் மிஞ்சியது இந்த ஒற்றைக்கை மனிதரின் பிடிவாதத்தால். ஆதிக்க அரசின் கடற்படை அதிகாரி அவர் என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் அளந்தவர் அவரே.

புதுவையின் கைகள் கடல் கடந்த வேறொரு கதையும் உண்டு. 1729-ஐ ஒட்டி இங்கிருந்து கைவினைஞர்கள் ஒப்பந்தத்தின் பேரில் மொரீசியசுக்குச் சென்றார்கள். 1735-இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற லா பூர்தொனே போர்ட் லூயித் துறைமுகத்தை எழுப்பியபோது தமிழ்த் தச்சர்களும் கொத்தர்களும் அங்கே உழைத்தார்கள். அதே தீவில் இன்று கப்பல் உருமாதிரி செய்வது ஒரு தொழில். 1968-இல் ஒருவர் பொழுதுபோக்காகச் செதுக்கிய கப்பலிலிருந்து அது தொடங்கியது என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தச்சர்களுக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு கற்பிப்பது பொருந்தாது. நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. அங்கே பாயையும் கயிறுகளையும் தேநீரில் தோய்க்கிறார்கள், பழமை தெரிய வேண்டும் என்பதற்காக.

நாமும் அதைத்தான் செய்தோம். தேயிலைச் சாற்றில் தோய்த்த இரண்டாம் பாயோடு, நோணாங்குப்பத்தில் மகள் வீட்டில் இருக்கும் முதியவர் ஒருவரிடம் மாணவர்கள் நம்மை அழைத்துச் சென்றார்கள். எண்பதைக் கடந்தவர், இளமையில் கட்டுமரம் ஏறியவர். பாயைக் கையில் வாங்கி முகர்ந்தார்.

"டீத்தூளா? எதுக்கு சார்?"

பழையதாகத் தெரிவதற்கு என்றோம்.

"பழசாத் தெரியறதுக்கா?" என்று சிரித்தார். "நாங்க பட்டை காய்ச்சி ஏத்தினது பாயி மக்காம இருக்க."

மரப்பட்டையின் துவர்ப்பு ஏறிய துணி உப்புநீரில் எளிதில் மட்காது. பார்ப்பவர்க்கு அழகாகத் தெரிந்த அந்தக் காவிநிறம் துணியின் ஆயுளை நீட்டச் செய்த வேலையின் எச்சம். மொரீசியசின் தேநீரும் நம் தேநீரும் நிறத்தை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டன.

பாய் ஏன் தொங்குகிறது என்று கேட்டோம். "வயிறு வைக்கணும் சார். தட்டையா வெட்டினா அது பாயி இல்ல, கொடி." பாயைத் துண்டு துண்டாக வெட்டி, சேர்க்கும்போது நடுவில் குறைவாகவும் முனைகளில் கூடுதலாகவும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைக்க வேண்டும். அப்போது துணி தானே குழிந்து காற்றை ஏந்தும். ஓரத்தையும் நேர்க்கோடாக வெட்டாமல் சற்றே வளைக்க வேண்டும். மடிப்புக்குப் பதில் மெல்லிய கயிற்றை வைத்துத் தைக்க வேண்டும். அவர் கை நடுங்கியது. ஊசியில் நூல் கோத்தது பேத்தி, தைத்தது நம் மாணவி, மடிக்க வேண்டிய இடத்தை நகத்தால் கீறிக் காட்டியது அவர். கீறிய இடமெல்லாம் சரியாகவே இருந்தது. துணியின் தடிப்பைப் பற்றிய நம் கணக்கை அவரிடம் சொல்லிப் பார்த்தோம். "சின்ன மரத்துக்குப் பெரிய துணி தடிப்பாத்தான் இருக்கும். அதுக்கு என்ன பண்றது?" என்றார்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் உதவியாக வந்தவற்றில் பெரும்பகுதி கண்ணாடி இழைப் படகுகள். அதற்கு முன்பே பொறிகள் பாயை வெகுவாக ஒதுக்கியிருந்தன. கடைசியாக எப்போது பாய் தைத்தீர்கள் என்று கேட்டோம். பேத்தியின் தாய்க்குக் காது குத்திய ஆண்டு என்றார். அந்தப் பாய் எங்கே என்றதற்கு, கிழித்துத் தூளி கட்டியதாகவும் மிச்சத்தில் நெல் காயவைத்ததாகவும் மகள் உள்ளிருந்து சொன்னார்.

மாலையில் கட்டுமரத்தைச் சுண்ணாம்பாற்றில் விட்டோம். பாய் உண்மையாகவே வயிறு வைத்தது. பத்தடி போனதும் பக்கவாட்டில் கவிழ்ந்தது. உருவைச் சுருக்கும்போது அதை நிமிர்த்தி வைக்கும் எடை, சாய்க்கும் காற்றின் விசையைவிட விரைவாகக் குறைந்துவிடுகிறது என்பதைப் பின்னர் இயற்பியல் ஆசிரியர் நண்பர் விளக்கினார். முதியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பாயில் கால்பங்கைக் குறைத்து, அடிக்கட்டையில் ஒரு இரும்புத்துண்டைக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்.