காலிபும் கலிபிரேஷனும்

கல்முனைச் சந்தையில் தராசுக்கு முத்திரை குத்துவது எல்லோரும் அறிந்த விஷயம். நடுச்செவியைப் பரிசோதிக்கும் டிம்பனோமீட்டருக்கும் அப்படியொரு சரிபார்ப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் அதைக் கலிபிரேஷன் என்பார்கள். வெள்ளைக்காரன் சொல் என்று தள்ளிவிட வேண்டாம். மத்றஸாவில் ஓதியவர்களுக்கு அதன் வேர் அந்நியமானதல்ல.

அறபில் ‘காலிப்’ என்றால் அச்சு. உருக்கிய உலோகத்தை வார்க்கும் அச்சுக்கும், சப்பாத்துத் தைப்பவர் தோலை இழுத்துப் போர்த்தும் மரப்பாதத்துக்கும் அதுவே பெயர். அறபுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்ததாக அறிஞர் பலர் கருதுகிறார்கள்: அங்கே ‘காலோன்’ மரம், ‘பூஸ்’ பாதம். நம் பேச்சில் புழங்கும் ‘கல்பு’டன் இதை முடிச்சுப் போட ஆசை வரும். ஆனால் இதயத்தைக் குறிக்கும் அந்தச் சொல், புரளுதல் என்ற பொருளுள்ள அறபு வேரில் பிறந்தது.

மத்தியதரைக் கடலைத் தாண்டிய காலிப், பிரெஞ்சில் ‘காலிபர்’ ஆகி, துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் அதிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் கிளைத்தது. வெப்பமானிக் கண்ணாடிக் குழாயின் துளை எங்கும் ஒரே அளவா என்று பார்ப்பதும் அதன் வேலையாயிற்று. நம் பௌதிகப் பாடநூல் ‘அளவுகோடிடல்’ என்று சொல்வது வெப்பமானிக்குக் கச்சிதம். காதுக் கருவிக்குப் போதாது, அங்கே கோடு கிழிக்க எதுவுமில்லை.

அங்கே இருப்பது குழி. கருவியோடு வரும் சிறு கட்டையில் 0.5, 2, 5 மில்லிலீற்றர் என்று கொள்ளளவு பொறித்த துளைகள் இருக்கும். காதில் வைக்கும் முனையை 2 என்ற துளையில் செருகினால் திரையில் 2 வர வேண்டும். காற்றழுத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் வரைகோடு மட்டமாகவே ஓட வேண்டும். செவிப்பறை நெகிழும், அதனால் வரைபடத்தில் கூம்பு எழும். கட்டை நெகிழாது. நெல் அளக்கும் மரைக்காலைப் போல, அளவு தெரிந்த வெற்றிடமே இங்கு சாட்சி. நாடெல்லாம் சுற்றிய சொல், அச்சுக் குழி என்ற பழைய பொருளுக்கு இத்தனை கிட்ட வேறெங்கும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

முனை எழுப்பும் ஒலி 226 ஹேர்ட்ஸ். இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம் உண்டு: கடல் மட்டத்தில், இந்த அதிர்வெண்ணில், 1 மில்லிலீற்றர் காற்று ஒலியை ஏற்கும் திறன் சரியாக 1 மில்லிமோ. கடலோரக் கல்முனைக்குக் கணக்கு அப்படியே பொருந்தும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் குறைவு. திருத்தம் செய்யாவிட்டால் அதே 2 மில்லிலீற்றர் குழி அங்கே ஏறத்தாழ 2.5 காட்டும். குழி மாறவில்லை, மாறியது காற்று.

செவி அனிச்சைச் சோதனைக்கும் இதே கட்டை உதவும். பலத்த ஒலி கேட்டதும் ஏந்தியுரு எலும்பின் தசை சுருங்கி, செவிப்பறை விறைக்கும். கருவி அந்தச் சிறு மாற்றத்தைப் பதியும். குழிக்குத் தசை கிடையாது. அங்கேயும் அனிச்சை பதிவானால், ஒலியே அளவீட்டுக்குள் கசிகிறது என்று அர்த்தம். அந்த ஒலி எத்தனை டெசிபல் என்று அறிய இந்தக் கட்டை உதவாது. அதற்கு ஒலிவாங்கி பொருத்திய கப்ளரோடு ஆண்டுக்கொரு முறை பொறியியலாளர் வர வேண்டும்.

காலையில் 2 வரவில்லையென்றால் அவரை உடனே அழைக்க வேண்டியதில்லை. முதலில் முனையைக் கழற்றிப் பாருங்கள், முந்திய நாள் யாரோ ஒருவரின் குறும்பி துளையில் அடைத்திருக்கலாம்.